மயில்கழுத்து என்று சொன்னார்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. பத்திரிகை ஆசிரியர் கரீமுல்லா ஆரோக்கிய மலர் ஒன்று கொண்டுவருகிறார். அடையாறில் தன் வீட்டு வராந்தாவில் என்னை உட்காரவைத்து, சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டார்: தினமும் நடப்பது, அளவாகச் சாப்பிடுவது பற்றி ஒரு கதை வேண்டும். படித்தவன் மறுநாள் காலையில் எழுந்து நடக்கப் போகவேண்டும். முடிவு நல்லபடியாக இருக்கவேண்டும்.

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வதில் எனக்குக் கஷ்டமே கிடையாது. தினமும் எழுதுவது என்று தை மாதம் ஒப்புக்கொள்வேன். மாசியில் பேனா எங்கே என்று தேடிக்கொண்டிருப்பேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

அதிகாலைத் தென்றல் தியாகராய நகரைத் தழுவ, சண்முகவேல் புத்துணர்ச்சியோடு துள்ளி—

(இல்லை. அவர் துள்ளி எழுந்து நான் பார்த்ததில்லை. கொட்டாவியும் எரிச்சலுமாகத்தான் எழுவார். தென்றலும் எங்கள் தெருப்பக்கம் வந்ததாக நினைவில்லை.)

2

சண்முகவேல் அண்ணாச்சி என் வீட்டுக்காரர். கீழே அவர் குடும்பம், மாடி போர்ஷனில் நான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் ரோட்டில் பட்டுச்சேலைக் கடை வைத்தவர். (கடைப் பெயரையும் போடச் சொன்னார். விளம்பரமாகிவிடும் என்றேன். ஆகட்டுமே என்றார்.) மாந்துளிர், அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று அவர் பெயர் சொன்னால் அதுதான் நிறம். சேலை வாங்க வந்த எந்தப் பெண்மணியும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. டாக்டர் சுற்றிவளைத்துப் பேசுகிறவர் இல்லை. நடக்கவேண்டும், வாயைக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். கண் போனால் அப்புறம் நான் யார் என்று அண்ணாச்சி தன் மனைவி சுந்தரவல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் அவர் அந்தப் பயத்தை மறந்தார். அக்கா மறக்கவில்லை.

வீட்டிலேயே பரிசோதிக்க ஒரு நீல மருந்து உண்டு. கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சிறுநீர் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்கவேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. அண்ணாச்சி இவற்றுக்கும் கடைப் பெயர்களையே வைத்தார். நீலத்தில் லேசாகப் பச்சை ஓடினால் மயில்கழுத்து. மஞ்சள் என்றால் மாம்பழ மஞ்சள். செங்கல் என்றால் அரக்கு.

முதல் நாள் வந்தது அரக்கு.

3

நடை என்று பனகல் பார்க்கைச் சுற்றினார். ஒரு வாரம்கூட ஓடவில்லை. எங்கும் போய்ச்சேராமல் நடப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"கிளம்பின எடத்துக்கே வாரதுக்கு எதுக்குவே கிளம்பணும்?" என்று என்னைக் கேட்டார்.

(என் எழுத்தைப் பற்றியும் இதையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நல்ல மனிதர்.)

டாக்டருக்காக நடக்காதவர் முருகனுக்காக நடப்பார் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மண்டலம், தினமும் காலையில் வடபழனிக்கு நடந்தே வருவதாக அவர் பேரில் வேண்டிக்கொண்டுவிட்டார். துணைக்கு என்னையும் அனுப்பினார். கோடம்பாக்கம் பாலத்தின் அடியில் ரிக்‌ஷாக்காரர் தங்கவேல் நிற்பார். அண்ணாச்சி மூச்சு வாங்குவதைப் பார்த்து, "இன்னா மொதலாளி, குந்து, கோயிலாண்ட வுட்டுர்றேன்" என்பார். அண்ணாச்சி அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாலம் ஏறுவார். வேண்டுதல் அல்லவா.

கரீமுல்லாவின் கதை இங்கேயே முடிந்திருக்கும்: அன்றுமுதல் அண்ணாச்சியின் உடல்நிலை நாளுக்கு நாள்—

நாளுக்கு நாள் அரக்குதான்.

4

காரணம் சர்க்கரைப் பொங்கல். தினமும் வருகிறவர் என்று பிரசாதம் கொடுப்பவர் தொன்னையில் ஒரு கரண்டி கூடவே வைப்பார். அண்ணாச்சி பக்தியோடு தின்று, தொன்னையை வழித்து, விரலையும் விடமாட்டார்.* அக்கா விசாரித்தபோது ஒளிக்கவும் இல்லை.

"முருகன் குடுக்குததை வேண்டாம்னு சொல்ல நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

(*எனக்கும் ஒரு தொன்னை வரும். எனக்குச் சர்க்கரை இல்லை. அப்போது இல்லை.)

அக்கா சண்டை போடவில்லை. மறுநாள் தானும் எங்களோடு நடந்து வந்தார். பிரசாதம் கைக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "கண்ணுல ஒத்திக்கிட்டு எங்கிட்ட தாங்க. உங்க கண்ணுக்குத்தானே இங்க வாரோம்."

அண்ணாச்சி ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு, தொன்னையை இரண்டு கண்ணிலும் ஒற்றி, அவரிடம் கொடுத்தார். திரும்பும் வழியில் அது தங்கவேலுக்குப் போனது. தினமும் அப்படியே. அரக்கு மாம்பழ மஞ்சளாயிற்று, பிறகு கிளிப்பச்சை. ஒரு காலை அண்ணாச்சி, சூடு ஆறாத குழாயைத் துணியில் பிடித்துக்கொண்டு என் போர்ஷனுக்கே ஏறி வந்துவிட்டார், மயில்கழுத்து என்று காட்ட. இன்னொருவர் சிறுநீரைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

5

மண்டலம் முடிந்தது. தீபாவளி வியாபாரம் வந்தது. நாளைக்கு என்றார், அடுத்த நாளும் நாளைக்கு என்றார்.

மனிதன் ஏன் நிறுத்துகிறான் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அரக்கு வந்த நாட்களில் நடந்தவர் மயில்கழுத்து வந்த பிறகு நின்றிருக்கிறார். பயம் கிளப்பிவிடும், தொடர்ந்து நடத்தாது போலிருக்கிறது. (இந்தக் கதையும் இந்த இடத்தில் ஒரு மாதம் கிடந்தது. நன்றாக வருகிறதே என்று தோன்றியதும் மூடிவைத்துவிட்டேன்.)

பிறகு பொய் ஆரம்பித்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொதிக்கவைப்பார். "ஏளா, மயில்கழுத்து!" என்று உள்ளிருந்து குரல் வரும். உடனே குழாயைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம். அக்கா கோதுமைத் தோசையும் பாகற்காயுமாகச் சமைத்துவைக்க, கடையிலிருந்து வருகிறவர் மேல் நெய் அல்வா வாசனை அடிக்கும். ஒரு மாதம் அந்த வீட்டில் சண்டையென்றால் அந்த ஒரு பொய்யைப் பற்றித்தான். அக்கா அழுததும் எனக்குக் கேட்டது.

கடைசியில் அவர் அண்ணாச்சியை விட்டுவிட்டுத் தனியாக வடபழனிக்கு நடக்க ஆரம்பித்தார். நாலைந்து நாள் அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்தார். பிறகு ஒரு காலை கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வேண்டுதலும் இல்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஏன் என்றதற்கு, அவள் ஒற்றையாகப் போகிறாளே என்றார். மார்கழிப் பனியிலும் நடை நிற்கவில்லை.

6

போன வாரம் செய்தித்தாள் வாங்கக் கீழே போனேன். அண்ணாச்சி குளியலறைக்குள் இல்லை. கூடத்து ஜன்னல் அருகில், நல்ல வெயில் வெளிச்சத்தில், குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பாத்தியாளா? மயில்கழுத்து" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. குழாயை அக்கா பக்கம் நீட்டினார்.

குழாயில் இருந்தது மாம்பழ மஞ்சள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். பொய் சொன்ன நாட்களில் அவர் குழாயை யாருக்கும் காட்டியதில்லை.

7

முடிவு, முதல் வகை: மறுபடி அல்வா தின்றிருக்கிறார், மாட்டிக்கொள்ளாமலிருக்க எங்கள் முகத்துக்கு நேரேயே துணிந்து புளுகினார். கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது வகை: அவர் உண்மையாகவே நடந்தார், உண்மையாகவே வாயைக் கட்டினார், உண்மையாகவே அது அவருக்கு மயில்கழுத்தாகத்தான்—

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். கடைக்குப் போய் மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை எடுத்துப் போடச் சொன்னால் தெரிந்துவிடும். போனேன். வாசலில் நின்றேன். உள்ளே அவர் யாருக்கோ சேலை விரித்துக்கொண்டிருந்தார். என்ன நிறம் என்று பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

அவரை எப்படியும் கண் டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். நாளைக்கு என்று அக்கா இரண்டு தடவை சொல்லிவிட்டார். இதற்கு முன் அக்கா நாளைக்கு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

இன்று விடிகாலை இதை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா மாடிக்கு வந்தார். எங்கள் கதையைத்தானே எழுதுகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவைக் காட்டிச் சொன்னார்:

"தம்பி, அவுக அன்னைக்குப் பொய் சொன்னாகன்னே எழுதிருங்க."

எழுதிப் பார்த்தேன்: சண்முகவேல் அண்ணாச்சி அன்று சொன்னது—

கீழே அண்ணாச்சி ஷூவைக் கட்டிக்கொண்டு, நேரமாகிறது என்று எங்கள் இருவரையும் கூப்பிடுகிறார். இந்த வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடுங்கள். அக்கா கேட்டபடி முடித்தால் நான் மறுக்கமாட்டேன். பாலம் ஏறும்போது அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், நான் நடக்கப் போகிறேன்.