எமிலியாவுக்குக் கொடுத்த நேரம்

கூட்ட மண்டபத்தின் திரை கறுத்துப்போனால்தான் அந்தப் பிரதேச செயலகக் காரியாலயத்தில் ஃபைஸலின் பெயர் சத்தமாகக் கேட்கும். "ஃபைஸல் எங்க? ஆளக் கூப்பிடுங்க!" மற்ற நேரங்களில் அவன் மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த மேசையில் இருக்கிற, பதவியின் பெயர் நீளமாகவும் வேலை குட்டையாகவும் உள்ள ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தன். நாற்பத்தாறு வயது. அதிகம் கதைக்க மாட்டான். கதைக்கிறவர்களோடு இருந்தாலும், அவர்கள் கதைத்து ஓய்ந்த பிறகு வரப்போகும் அமைதிக்காகக் காத்திருப்பவன் போலத்தான் இருப்பான்.

ஸ்லைட்டுகளுக்கு வரும் வியாதிகள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. திரை நீலமாகவே நின்றால் வயர். படம் ஓரத்தில் வெட்டுப்பட்டால் அளவு. சத்தம் வராவிட்டால் அது வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதினொரு வருடத்தில் அவன் கையில் ஒரு கூட்டமும் விழுந்துபோனதில்லை. அதை ஒருவரும் கவனித்ததில்லை. அவனுக்கு மட்டும் தெரியும்.

எமிலியா அவனைத் தேடி வந்தது ஜனவரியில். தலவிலைக்கு இப்பால், அந்தோனியார் பாட்டு மீனவர் சங்கத்தின் செயலாளர் அவள். கரைவலை இழுக்கிற மணற்பரப்பைத்தான் அந்தப் பக்கத்தில் பாடு என்பார்கள். முக்கால் கிலோமீட்டர் மணல், ஒரு வலை, கயிற்றின் இரண்டு முனையிலும் அறுபது பேர், பின்னால் கருவாடு காயவைக்கிற பெண்கள். அந்த மணலை ஒரு ஹோட்டல் குத்தகைக்குக் கேட்டிருந்தது. விண்ணப்பத்தில் 'பாவனையில் இல்லாத கரை' என்று எழுதியிருந்தார்கள். காணிக் குழு இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் கேட்கும். மீனவர்களுக்குப் பதினைந்து நிமிடம். அன்று பின்னேரமே சிபாரிசை எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது தடவை என்று ஒன்று இல்லை.

"கடதாசியில எழுதிக்கொண்டு வாறன் தம்பி. நிண்டு வாசிச்சாப் போதும்தானே?" என்று கேட்டாள் எமிலியா.

"வாசிச்சா கேக்க மாட்டாங்க அக்கா. ஃபோனை நோண்டிக்கொண்டு இருப்பாங்க. படம் ஓடினாத்தான் தலையத் தூக்குவாங்க."

அது உண்மை. எத்தனையோ கூட்டங்களில் அவன் கண்ணால் கண்டது. அவள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். கணினியும் நகல் மெஷினும் வைத்து யூட் சந்தியில் நடத்துகிற கொமினிகேஷன் கடையில் மூன்று வாரம், கருவாட்டு வேலை முடிந்த பின்னேரங்களில் போயிருந்து, ஸ்லைட் செய்யத் தானே பழகினாள். பதினேழு ஸ்லைட். கடைசி ஸ்லைட்டில் ஒரு வீடியோ: போன மாதம் ஒரு விடியற்காலை, அறுபது பேரும் வலை இழுக்கிறார்கள், பின்னால் தேவாலயத்து அந்தோனியாரின் சுருவம் தெரிகிறது. பாவனையில் இல்லாத கரை என்ற பேச்சுக்கு அதுதான் பதில்.

கூட்ட நாள் காலை எட்டு மணிக்கே அவள் வந்துவிட்டாள். கூடப் புருஷன் அல்பேட், மடிப்புக் குலையாத நீளக்கைச் சட்டையோடு. பென்டிரைவைத் தன் மேசைக் கணினியில் போட்டு ஃபைஸல் பார்த்தான். எழுத்துகள் சரி. படங்கள் சரி. பதினேழாவது ஸ்லைட்டில் வீடியோவின் முதற்காட்சி தெளிவாக நின்றது. அவன் அதை அழுத்திப் பார்க்கவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், எழும்பிப் போனான்.

"எல்லாம் சரிதானே?" என்று அல்பேட் கேட்டான்.

"ஓம், எல்லாம் சரி."

முதலில் ஹோட்டல் பக்கம். நிரோஷன் என்ற இளைஞன் சொந்த லெப்டொப்போடு வந்து இருபது நிமிடம் பேசினான். இன்னும் நடப்படாத தென்னைகளின் நிழலில் இன்னும் வராத வெள்ளைக்காரர்கள் படுத்திருந்தார்கள். குழுத் தலைவரும் மற்ற ஆறு பேரும் தலையைத் தூக்கித்தான் பார்த்தார்கள்.

பிறகு எமிலியாவைக் கூப்பிட்டார்கள். அவள் முன்னால் வந்து நின்றாள். ஃபைஸல் மண்டபத்துக் கணினியில் அவளுடைய ஸ்லைட்டைத் திறந்தான்.

திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை விழுந்து கிடந்தது.

"இது எந்த நாட்டுப் பாஷை?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வியாதி என்னவென்று ஃபைஸலுக்கு அந்தக் கணமே தெரிந்தது. யூட்டின் கடையில் இன்னும் பாமினி எழுத்தில்தான் தமிழ் அடிப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில விசைகளாகத்தான் தெரியும். மண்டபத்துக் கணினியைப் போன கிழமை முழுவதாகத் துடைத்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். பாமினியைத் திரும்பப் போட வேண்டியவன் அவன்தான். மறந்துபோனான்.

"ஒரு நிமிஷம் அக்கா."

எழுத்துருவை ஏற்றப் பார்த்தான். கணினி கடவுச்சொல் கேட்டது. அது தெரிந்தவர் அன்று லீவு. தொலைபேசியில் கூப்பிட்டான், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தலைக்கு மேலே மின்விசிறி கிறுகிறு என்று சுற்றியது. நாலு நிமிடம் போயிற்று.

எமிலியா அவன் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "தம்பி, விடுங்க. நான் வாயால சொல்றன்."

"இல்லக்கா, என்ட லெப்டொப்புல பாமினி இருக்கு. இந்தா வருது."

தலைவர் சிங்களத்தில், பொறுமையாகவே சொன்னார்: "அந்த அம்மா பேசட்டும் ஃபைஸல். படம் வரும்போது வரட்டும்."

"ஒரு நிமிஷம் சேர்."

பிறகு எத்தனையோ நாள் அவன் அந்த இடத்துக்குத்தான் திரும்பித் திரும்பி வந்தான். தலைவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற இடம் அது. அவளும் உள்ளே போக ஆயத்தமாக நின்றாள். இடையில் அவன்தான் கையை நீட்டி மறித்தான். அவளுக்காகத்தான் செய்தேன் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். ஆனால் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் திரை குப்பையாகக் கிடப்பதைத் தாங்க முடியாமல் செய்தது என்றுதான் நெஞ்சு சொன்னது.

லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். புரொஜெக்டரின் வயருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சின்ன இணைப்பு வேண்டும். அது நிரோஷனின் பையோடு போயிருந்தது. வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவனிடம் ஓடிப்போய் வாங்கி வந்தான். "சொறி சேர், தெரியாம எடுத்துட்டன்" என்று அவன் உண்மையான வருத்தத்தோடுதான் கொடுத்தான். செருகினால் திரை நீலம். கழற்றி ஊதிச் செருகினால் மறுபடியும் நீலம். மூன்றாம் தரம் வந்தது. ஒன்பது நிமிடம்.

லெப்டொப்பில் முதல் ஸ்லைட் அழகான தமிழில் நின்றது. 'அந்தோனியார் பாடு: எங்கள் தொழில், எங்கள் கரை.' ஃபைஸல் மூச்சு விட்டான்.

"சொல்லுங்க அக்கா, இனிப் பிரச்சினை இல்ல."

எமிலியா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று தொடங்கினாள். ஃபைஸல் இரண்டாவது ஸ்லைட்டைத் தள்ளினான். மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. பின்வரிசைக்காரர்தான் முதலில் வாசித்தார்.

"'தலைவரின் முகத்தைப் பார்த்துச் சொல். கையைக் கட்டாதே.'"

ஃபைஸல் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். இரண்டு திரையும் இடம் மாறியிருந்தன. பேச்சாளர் மட்டும் பார்க்க வேண்டிய பக்கம் சுவரில் விழுந்திருந்தது. ஸ்லைட் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் நின்றது. அதன் அருகே, ஆள் உயரத்துக்கு, எமிலியா தனக்கென்று எழுதி வைத்திருந்த குறிப்புகள். குறிப்புகளை அவள் யூட்டின் கடையில் அடிக்கவில்லை. வீட்டில் இருந்து தன் கைபேசியில் தட்டி, கடையில் கொண்டுவந்து ஸ்லைட்டுகளின் அடியில் ஒட்டியிருந்தாள். கைபேசித் தமிழ் யுனிகோட், அதனால் அந்த எழுத்துகளுக்கு எந்தக் கணினியிலும் ஒரு குறையும் வராது.

பதறிப்போய் அவன் தட்டியதில் ஸ்லைட் இன்னும் நாலு தள்ளிப் போயிற்று.

'இந்த இடத்தில் அழக்கூடாது' என்று சுவரில் தெரிந்தது.

பக்கத்தில் இருந்தவர் அதைத் தலைவருக்குச் சிங்களத்தில் சொன்னார். தலைவர் சிரிக்கவில்லை. கீழே மேசையைப் பார்த்தார். எமிலியா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். வாசித்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்தாள். அவள் அழவில்லை. ஆனால் தொடங்கிய பேச்சு அவள் வாயை விட்டுப் போய்விட்டது.

"படத்த மாத்துங்க தம்பி" என்று கதவடியில் நின்ற அல்பேட் சொன்னான். சட்டையின் கையை அவன் முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருந்தான், அந்தப் படத்தைத் தானே வந்து இழுத்துவிடப் போகிறவன் மாதிரி.

ஃபைஸல் மாற்றினான். பன்னிரண்டு நிமிடம்.

"வீடியோவையாவது காட்டுங்க" என்றார் தலைவர். மணிக்கூட்டைப் பார்க்காமல்தான் சொன்னார். தேநீர்த் தட்டு வாசலுக்கு வந்து நின்றது.

பதினேழாவது ஸ்லைட். விடியற்காலையின் சாம்பல் நிறக் கடல், கயிறு, குனிந்த முதுகுகள். ஃபைஸல் அழுத்தினான். முதுகுகள் அசையவில்லை. மறுபடியும் அழுத்தினான். படத்தின் நடுவில் கறுப்புப் பட்டி ஒன்று வந்து, கோப்பைக் காணவில்லை என்றது.

இதுவும் அவனுக்குத் தெரிந்த வியாதிதான். வீடியோ ஸ்லைட்டுக்குள் இல்லை. அது யூட்டின் கடைக் கணினியில் இருக்கிறது. பென்டிரைவில் வந்தது அது இருக்கிற இடத்தின் விலாசம் மட்டும். காலையில் ஒரு தரம் அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். எட்டு மணிக்குத் தெரிந்திருந்தால் கடைக்குப் போய் எடுத்து வர இரண்டு மணித்தியாலம் இருந்தது.

யூட்டுக்கு ஃபோன் எடுத்தான். "ஆ, வீடியோவா? இங்கதான் கிடக்கு. பெரிய ஃபைல் சேர், வட்ஸ்அப்புல போகாது. வெட்டி அனுப்பட்டா?" என்றான் யூட். பின்னால் யாரோ நகல் எடுக்கிற சத்தம் கேட்டது.

"நேரம் முடிஞ்சுது" என்றார் தலைவர். பிறகு எமிலியாவைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "அம்மா ஏதும் சொல்ல விருப்பமா? சுருக்கமா."

எமிலியா திரையைப் பார்த்தாள். மூன்று வாரம் அவள் பழகிய ஒவ்வொரு வசனமும் ஒவ்வொரு படத்தில் கொளுவியிருந்தது. படம் இல்லாமல் ஒன்றும் கையில் வரவில்லை. அவள் நின்ற அந்த நேரம் ஃபைஸலுக்கு மிக நீளமாக இருந்தது. அமைதியை விரும்புகிறவன் அவன். அந்த அமைதியில் மட்டும் அவனால் இருக்க முடியவில்லை.

"நாங்க அங்க இருக்கிறம் சேர்" என்றாள் எமிலியா.

"ஹரி ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார் தலைவர். "குறிச்சுக்கொள்றம்."

அவ்வளவுதான். தேநீர் உள்ளே வந்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் அவர்கள் நின்றார்கள். ஃபைஸல் இறங்கிப் போனான். பிழை என்னுடையது என்று சொல்லத்தான் போனான். சொல்லவும் செய்தான்.

"மெஷின் செய்யிற பிழைக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றான் அல்பேட். "அந்த அறைக்குள்ள எங்களுக்காக ஓடித் திரிஞ்சது நீங்க ஒராள்தான். இவளிட்டயும் அதத்தான் சொன்னன்."

"இல்லண்ணே, நான் அக்காவக் கதைக்க விட்டிருக்கணும்."

"கதைச்சிருந்தா மட்டும் கேட்டிருப்பாங்களா? நீங்கதானே சொன்னீங்க, கேக்க மாட்டாங்க எண்டு" என்றாள் எமிலியா. குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அவன் சொன்னதை அவள் முழுவதாக நம்பியிருந்தாள்.

கூட்ட அறிக்கையை எழுதுவதும் ஃபைஸலின் வேலைதான். அன்று பின்னேரம் அவன் நேராக எழுதினான்: 'திரைக் கருவியின் கோளாறைச் சரிசெய்வதிலேயே மீனவர் தரப்புக்குரிய பதினைந்து நிமிடமும் கழிந்தது. கோளாறுக்கும், சங்கச் செயலாளரைப் பேச விடாமல் தாமதித்ததற்கும் கீழே கையொப்பமிடுபவரே பொறுப்பு.'

தலைமை எழுதுவினைஞர் அத்தாஉல்லா அதை இரண்டு தரம் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஃபைஸல், என்ன வேல பாத்தீக்கிறீங்க? இத வெச்சிக்கிட்டு அவங்க இன்னொரு கூட்டம் கேப்பாங்க."

"கேக்கட்டும் நானா" என்றான் ஃபைஸல். அவரை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"விசாரணை எண்டு வந்தா ஒங்கட கழுத்துலதான் விழும். பிள்ளைகள் படிக்கிற நேரம்."

"விழட்டும்."

அத்தாஉல்லா அவனை உற்றுப் பார்த்தார். "கிறுக்குப் புடிச்சவன்" என்றார். ஆனாலும் அறிக்கையை அப்படியே உறையில் போட்டுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பினார். அன்று இரவு ஃபைஸல் நன்றாகத் தூங்கினான்.

ஆறாம் நாள் அறிக்கை திரும்பி வந்தது. அவனுடைய இரண்டு வரியையும் சிவப்பு மையால் ஒரே கோட்டில் வெட்டியிருந்தார்கள். கோபமாக வெட்டியது போலவும் இல்லை. பக்கத்தில் நேர்த்தியான கையெழுத்தில் மாற்று வசனம் இருந்தது: 'மீனவர் தரப்புக்கு விளக்கமளிக்கப் பதினைந்து நிமிடம் வழங்கப்பட்டது.' கீழே சிபாரிசு. ஹோட்டலுக்குக் குத்தகை, முப்பது வருடம். சிபாரிசு கூட்ட நாளன்றே கொழும்புக்குப் போய்விட்டது என்று அத்தாஉல்லா சொன்னார். அறிக்கை ஃபைலில் கிடப்பதற்கு மட்டும்தான். ஃபைஸல் அதைத் திருத்தியபடியே மறுபடியும் அடித்து ஃபைலில் போட்டான்.

அடுத்த கிழமை எமிலியா அறிக்கையின் பிரதி ஒன்று கேட்டு வந்தாள். தனியாக வந்திருந்தாள். ஃபைஸல் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் இருந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். அந்தப் பதினைந்து நிமிட வசனத்தில் விரல் நின்றது. அவன் காத்திருந்தான். தான் எழுதியதையும் அவர்கள் வெட்டியதையும் சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தன் மனம்தான் கொஞ்சம் இலேசாகும். அதற்காக அவளிடம் போய் நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சரிதானே" என்றாள் எமிலியா. "நேரம் தந்தாங்கதானே. பொய் எழுதேல்ல."

"மேல ஒரு முறைப்பாடு குடுக்கலாம் அக்கா. பதினாலு நாளுக்குள்ள."

"திங்கக்கிழமையே கம்பி வேலி போடத் தொடங்கிட்டாங்க தம்பி. வள்ளத்த இப்ப கோவில் வளவுக்குள்ள ஏத்தி வெச்சிருக்கிறம்." பிரதியை அவன் பக்கம் தள்ளினாள். "சீல் ஒண்டு அடிச்சுத் தாங்க. சங்கத்து ஃபைல்ல வைக்கணும்."

ஃபைஸல் மேசை லாச்சியைத் திறந்து 'உண்மைப் பிரதி' என்ற சீலை எடுத்தான். மையில் ஒற்றி, கடதாசியின் அடியில் வைத்து அழுத்தினான். அது தெளிவாக, ஓரங்கூட மங்காமல் விழுந்தது. அதன் கீழே அவன் தன் பெயரை எழுதிக் கையொப்பமிட்டான்.