படகு நிற்கும் கரை

என் கணவரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பிளான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தில் வேலை. வீட்டுக் குழாயில் வாஷர் மாற்றுவதற்குக்கூட முதலில் ஒரு படம் வரைவார். குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், படம் மட்டும் அழகாக முடிந்துவிடும். அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சாப்பாட்டு மேஜை முழுக்க விரித்துவைத்தார். காபி டம்ளரை வைக்க இடமில்லாமல் நான் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சைக்கிள், படகு, நடை. மூணும் ஒரே பயணத்துல,” என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம். கடைசியாக அது வந்தபோது மாடியில் மீன் தொட்டி கட்டினார்.

ஆனால் இந்த முறை விஷயம் நல்ல விஷயம். நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு ஆற்றின் அக்கரையிலிருந்தும் பிரசவத்துக்கு வருகிறார்கள். பாலம் இருக்கிறது, ஆனால் சுற்றிக்கொண்டு வர அரை நாள் ஆகும். நடுவில் துடுப்புப் படகு ஒன்று, அதற்கு ஒரே ஒரு படகோட்டி. நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுவர இஞ்சின் வைத்த ஒரு படகு வாங்க வேண்டும் என்று மருத்துவமனையில் நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் இந்தப் பயணம். ஐம்பது பேர் ஊரிலிருந்து படகுத்துறை வரை சைக்கிளில் போக வேண்டும், அங்கிருந்து படகில் அக்கரை, பிறகு மேட்டுப்பாதையில் நடை. ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் நன்கொடை வாங்கி வர வேண்டும்.

“நடை எங்க முடியுது?” என்று கேட்டேன்.

“உன் தங்கச்சி வீட்டுல. மேட்டு உச்சியில நின்னா ஆறு முழுக்கத் தெரியும். அங்க ஒரு போட்டோ.”

தங்கச்சி என்றதும் நான் காபி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டேன். அவளுக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவம். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில்தான் குடித்தனம். அவள் அந்த மேட்டில் தனியாகக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை நடத்துகிறாள். எங்கள் இருவர் தொழிலிலும் இன்குபேட்டர் உண்டு. என்னுடையதில் எப்போதாவது ஒரு குழந்தை இருக்கும், அவளுடையதில் எப்போதும் ஆயிரம் முட்டை இருக்கும். எட்டாவது மாதம் பிறந்ததும் என் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் போனில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

“முட்டையை அடுப்புல வச்ச பாலு மாதிரி பாத்துக்கணும்க்கா. நான் வந்துட்டா யாரு பாப்பா?”

“உன் வயித்துல இருக்கிறதை யாருடி பாப்பா?”

அவள் போனை வைத்துவிடுவாள். மறுநாள் நான் மறுபடி கூப்பிட்டு மறுபடி திட்டுவேன். எங்கள் பாசம் அந்த ரகம்.

அன்று மாலை மருந்துக்கடைக்காரர் வந்தார். என் கணவருடைய பள்ளித் தோழர், சைக்கிள் பைத்தியம். வரைபடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஏற்ற இறக்கங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

“பிரமாதம்டா பிளான். சிஸ்டர், நீங்களும் வர்றீங்கல்ல?”

எனக்கு அந்தப் படத்தில் வேறொன்று உறுத்தியது. பிரசவ வார்டு வாசலில் எத்தனையோ பெண்களைக் கைத்தாங்கலாக வாங்கியிருக்கிறேன். சேலை முழங்கால் வரை நனைந்திருக்கும், காலில் சேறு அப்பியிருக்கும். ஏன் இவ்வளவு தாமதம் என்று கூட வந்தவர்கள் மேல் பாய்ந்திருக்கிறேன். ஆனால் வாசலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தங்கை வீட்டுக்கு நான் போவதும் பேருந்தில், பாலத்தைச் சுற்றிக்கொண்டு, லீவு நாளில், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டுதான். அந்த ஆற்றை எப்படிக் கடக்கிறார்கள் என்று திடீரென்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. சின்ன வயதில் கடிகாரத்தைத் திறந்து பார்த்து அடி வாங்கினேனே, அதே அரிப்பு.

“வர்றேன்,” என்றேன். “ஆனா முதல்ல நாம மூணு பேரும் ஒரு ஒத்திகை போய்ப் பாத்துட்டு வரலாம்.”

அடுத்த சனிக்கிழமை கிளம்பினோம். மருந்துக்கடைக்காரர் புதுத் தலைக்கவசமும் கண்ணை உறுத்தும் மஞ்சள் சட்டையுமாக வந்தார். என் கணவர் வரைபடத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் எங்கள் வார்டு ஆயாவிடம் கடன் வாங்கிய சைக்கிளில் போனேன். அதில் பெல்லைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போட்டது.

சைக்கிள்களைப் படகுத்துறையில் நிறுத்தினோம். படகோட்டி காத்திருந்தார். வாய் திறக்காத மனிதர். நான் விடவில்லை. ஆழம் எவ்வளவு, எங்கே சுழல், எதற்காக நேராகப் போகாமல் வளைந்து போகிறீர்கள் என்று நச்சரித்துக்கொண்டே வந்தேன்.

“தண்ணி அங்க மினுங்குது பாருங்கம்மா,” என்று கடைசியில் வாயைத் திறந்தார். “மினுங்குனா அடியில மண்ணு. தட்டிரும்.”

பார்த்தேன். எல்லா இடமும் மினுங்குவதாகத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டார். என் கணவர் தம் படத்தில் ஆற்றின் குறுக்கே போட்டிருந்த நேர்கோட்டை அழித்துவிட்டு வளைவாகப் போட்டார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தப்பென்று தெரிந்தால் ரப்பரை எடுக்கத் தயங்கமாட்டார்.

அக்கரையில் எங்களை இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. மேட்டுப்பாதை செங்குத்து, வழியெல்லாம் உருளும் கல். மருந்துக்கடைக்காரர் பாதி வழியில் தலைக்கவசத்தைக் கழற்றி விசிறிக்கொண்டார். உச்சியில் தங்கை வாசலில் நின்று எங்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“என்ன மாமா, படையெடுத்து வந்திருக்கீங்க?”

போட்டோ எடுத்தார்கள். பின்னால் ஆறு முழுக்கத் தெரிந்தது. நான் நேராகப் பொரிப்பு அறைக்குள் போனேன். இதமான சூடு, லேசான ஈரவாடை, தட்டுகள் தானாகச் சாயும் மெல்லிய சத்தம். கீழ் அடுக்கில் சில முட்டைகள் விரிசல் விட்டு உள்ளிருந்து கொத்திக்கொண்டிருந்தன. மேல் அடுக்குகள் முழுக்கக் காலி.

“ஏண்டி, மேல எல்லாம் காலியா கிடக்கு?”

“சும்மாதான்,” என்றாள். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டு என்னைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனாள். வியாபாரம் மந்தம்போல என்று நினைத்துக்கொண்டேன். இரவு தூங்கும்வரை அவளைத் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் திரும்பக் கிளம்பினோம். வழியனுப்ப அவளும் மேட்டிலிருந்து இறங்கினாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஜாதியா? நான் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டே திரும்பித் திரும்பி அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஏறும்போது எனக்குக் கஷ்டமாகத் தெரிந்த பாதை, இறங்கும்போது அவளுக்காகப் பயமாகத் தெரிந்தது.

கரைக்கு வந்தோம். படகு இல்லை. அது அந்தக் கரையில், ஒரு கருப்புப் புள்ளியாகக் கட்டிக் கிடந்தது.

“நாம திரும்பி வர்றதை அவருகிட்ட சொல்லலையா?” என்று கேட்டேன்.

இவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். கோடு தங்கச்சி வீட்டு வாசலில், போட்டோ எடுத்த இடத்தில் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

“திரும்புறதை நான் போடவே இல்லை,” என்றார். முகம் சுருங்கிவிட்டது.

“போன் பண்ணுவோம்,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“படகுல போன் வச்சுக்க மாட்டாரு அண்ணே,” என்றாள் தங்கை. “ஏற்கெனவே ரெண்டு போனு ஆத்துக்குள்ள போயிருச்சு.”

அவள் பதறவே இல்லை. கரையோரம் நட்டிருந்த ஒரு கம்பத்துக்குப் போனாள். அதன் அடியில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டி மேலே ஏற்றினாள். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு மரக்கட்டையில் போய் உட்கார்ந்தாள். எங்கே உட்கார வேண்டும் என்று உடம்புக்கே தெரிந்ததுபோல உட்கார்ந்தாள்.

நான் அந்தக் கட்டையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நடுவில் லேசாகக் குழிந்திருந்தது.

“இதை யாரு இழைச்சது?”

“யாரும் இழைக்கலக்கா. உக்காந்து உக்காந்து அப்படி ஆயிருச்சு. துணியைக் கட்டிட்டு இங்க உக்காரணும். அவரு பாத்தா வருவாரு.”

“பாக்கலைன்னா?”

“பாக்குற வரைக்கும் உக்காரணும்.”

“ராத்திரியில?”

“ராத்திரியில எந்தத் துணி தெரியும்?”

உட்கார்ந்தோம். முதலில் மருந்துக்கடைக்காரர் ஜோக் அடித்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்தார். பிறகு கத்திப் பார்த்தார். ஆறு அவர் குரலைப் பாதியிலேயே விழுங்கிவிட்டது. பிறகு அவரும் வந்து உட்கார்ந்து அந்தக் கருப்புப் புள்ளியையே பார்க்க ஆரம்பித்தார். அது அசைகிற மாதிரி இருக்கும், அசையாது. இஷ்டப்பட்டு வந்த எங்களுக்கே இருப்புக்கொள்ளவில்லை. வலியோடு ஒருத்தி இங்கே உட்கார்ந்தால்? நான் வார்டு வாசலில் நின்று ஏன் தாமதம் என்று கத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

தங்கைதான் பேச்சை எடுத்தாள். “மாமா, புதுப் படகு வாங்கப் போறீங்களே, அது எந்தக் கரையில நிக்கும்?”

இவர் வரைபடத்தை மடியில் விரித்தார். இஞ்சின் படகை நீல நிறத்தில், நிழலெல்லாம் போட்டு அழகாக வரைந்திருந்தார். ஊர்ப்பக்கத் துறையில் கட்டி நின்றது.

“ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தானே இருக்கு,” என்றார் மெதுவாக. “டீசல் அங்க கிடைக்கும். ஓட்டுறவரு வீடும் அங்க. கொட்டகை போட இடமும் அங்கதான்…”

“எல்லாம் அங்கதான் இருக்கு மாமா. நோவு மட்டும் இங்க இருக்கு.”

மருத்துவமனைக் குழு எத்தனை முறை கூடிப் பேசியிருக்கும்! இஞ்சின் என்ன சக்தி, கட்டில் என்ன அகலம், பெயின்ட் என்ன நிறம் என்றெல்லாம் பேசியிருக்கிறோம். நானும்தான் இருந்தேன். எல்லோரும் ஊரிலிருந்து கிளம்பித்தான் யோசித்திருக்கிறோம். இங்கிருந்து கிளம்பி ஒருவரும் யோசிக்கவில்லை.

என் கணவர் சட்டைப் பையைத் தடவி ரப்பரை எடுத்தார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தங்கை பக்கம் திரும்பினேன். வழக்கம்போலத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“எனக்குப் பயமா இருக்குடி.”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “உனக்கா? நீ இவ்வளவு நாளா கோவமா இருக்கேன்னுல்ல நினைச்சேன்.”

“பயத்துலதான்டி கத்தினேன். ராத்திரியில வலி வந்து, நீ தனியா இந்தக் கட்டையில உக்காந்திருக்கிறதை நினைச்சா எனக்குத் தூக்கம் வராது. வந்துருடி.”

அவள் கட்டையின் குழிவில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“மேல் அடுக்கு ஏன் காலின்னு கேட்டேல்ல? புது முட்டை வைக்கிறதை நிறுத்திட்டேன். கீழ இருக்கிறது இந்த வாரம் பொரிஞ்சிரும். அதோட மிஷினை அணைச்சிட்டு உன் வீட்டுக்கு வரலாம்னுதான்.”

“எப்ப முடிவு பண்ணின?”

“போன மாசம். ஒருநாள் சாயங்காலம் வயிறு இறுக்கிப் பிடிச்சுது. துணியைக் கட்டிட்டு இங்கதான் உக்காந்தேன். அவரு பாக்கறதுக்குள்ள இருட்டிருச்சு. அப்புறம் வலி தானா நின்னுது. எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே!”

“சொன்னா திட்டுவே.”

அவள் தலையை என் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? அவள் முதுகில் ஒரு அடி போட்டு, அதே இடத்தைத் தடவிக் கொடுத்தேன்.

கருப்புப் புள்ளி அசைந்தது. இந்த முறை நிஜமாகவே அசைந்தது. படகோட்டி வந்து சேர்ந்ததும் தலையைச் சொறிந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தாராம், தலை நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அவர் மேல் கோபப்பட எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.

படகில் போகும்போதே என் கணவர் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நீலப் படகு இப்போது அக்கரையில் இருந்தது. பக்கத்தில் ஓட்டுநருக்கு ஒரு சின்ன வீடும் டீசல் கொட்டகையும் முளைத்திருந்தன. பயணம் தங்கை வாசலில் தொடங்கியது. முதலில் நடை, பிறகு படகு, கடைசியில் சைக்கிள். முடிவு எங்கள் வார்டு வாசல்.

“ஐம்பது பேரையும் முதல் நாளே பஸ்ல மேட்டுக்குக் கொண்டு போயிருவோம்,” என்றார். “காலையில இறங்கி வந்ததும் படகு தயாரா நிக்கணும். அண்ணே, நேரத்தைச் சொல்லிடறேன், சரியா வந்துருவீங்களா?”

படகோட்டி தலையாட்டப் போனார்.

“வேண்டாம்,” என்றேன். “அன்னைக்கும் துணியைக் கட்டட்டும். எல்லாரும் கரையில உக்காரட்டும்.”

“எவ்வளவு நேரம் உக்காரணும்னு பிளான்ல போடணும் சிஸ்டர்?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். தங்கை இன்னும் அந்தக் கட்டையில்தான் உட்கார்ந்திருந்தாள். இறக்கிய வெள்ளைத் துணியை மடியில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

“போடாதீங்க,” என்றேன். “அங்க உக்காந்திருக்கிற யாருக்கும் அது தெரியாது.”