இடது ஓரத்தில் இரண்டு பேடுகள்

ஒத்திகை அறைக்குள் நுழைந்ததும் தபேலாக்காரரின் கண்ணில் பட்டவை அந்த இரண்டு புதிய பேடுகள்தாம். சலவைக் கடைக்குக் கீழே வாடகைக்குப் பிடித்த நிலவறை அது. மேலே இயந்திரங்கள் சுழலும்போது கூரை லேசாக முனகும். மூலையில், கறுப்புக் குழாய்ச் சட்டத்தில் குச்சியால் தட்டும் ரப்பர் பேடுகள் வட்டவட்டமாகத் தொங்க, மச்சினனின் எலக்ட்ரானிக் டிரம்ஸ் நின்றது. சட்டத்தின் இடது ஓரம் இத்தனை காலமும் காலியாகத்தான் கிடந்தது. மேடையில் அந்த ஓரத்தை ஒட்டித்தான் அவர் சம்மணமிட்டு உட்காருவார். இப்போது அங்கே இரண்டு பேடுகளை இறுக்கி மாட்டியிருந்தான். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. தன் தபேலா ஜோடியிலும் ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்பது உடனே நினைவுக்கு வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மச்சினன் தரையில் மல்லாந்து படுத்து ஒயர்களைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி. இவர் கல்யாணத்தின்போது பால் பற்கள் விழுந்த வாயோடு, உறை போட்ட தபேலாவைத் திருட்டுத்தனமாகத் தட்டிப் பார்த்தவன். இது என்ன புதுசா என்று கேட்டதற்கு, சும்மா கொஞ்சம் கூடுதல் சத்தம் மச்சான் என்றான். கைதட்டலா, மணியா என்று துருவினால், எல்லாம்தான் என்றான். எல்லாம்தான் என்று சொல்கிறவன் ஏதோ ஒன்றை மறைக்கிறான் என்பது அவர் கட்சி.

சந்தேகம் வலுத்தது அவன் மைக்கைக் கொண்டுவந்து தபேலாவுக்கு முன்னால் வைத்தபோது.

"ஒவ்வொரு அடியா தனித்தனியா வாசிங்க மச்சான். முதல்ல மெதுவா, அப்புறம் பலமா. ஒண்ணு முழுசா அடங்கினப்புறம் அடுத்தது."

"எதுக்கு?"

"சும்மா ஒரு டெஸ்டுக்கு."

அவர் ஒன்றும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட ஆள் இல்லை. மைக்கில் பிடித்த சத்தத்தை டிரம்ஸோடு இணைத்த சின்னப் பெட்டிக்குள் ஏற்றி, எந்தப் பேடுக்கு எது என்று சொல்லிவிட்டால், பிறகு குச்சியால் தட்டினால் போதும். நாய் குரைப்பதை ஏற்றினால் பேடு குரைக்கும். தன் விரலை ஏற்றினால் தன் விரல் பேசும். வேனில் ஒரு ஆள் குறைந்தால் எவ்வளவு வசதி என்று மெல்லிசைக் குழுவை நடத்தும் கீபோர்டு மாஸ்டர் அலுத்துக்கொண்டது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. வீட்டிலோ, மனைவி தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள். இவர் தலை தெரிந்ததும் பேச்சு கடை விலைவாசிக்கு மாறிவிடும். அக்காவும் தம்பியும் சேர்ந்து தனக்கு எதிராக ஏதோ சமைக்கிறார்கள் என்று பட்டது.

அவரிடமும் ஒரு மறைப்பு இருந்தது. வலது ஆள்காட்டி விரல் கொஞ்ச காலமாகச் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. காலையில் மடங்கினால் நிமிர மறுத்தது. டாக்டரிடம் போகவில்லை, போனால் வாசிக்காதே என்பார். காபியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை என்றே நம்பினார். பாட்டில் மூடிகளை மனைவி முன்கூட்டியே தளர்த்தி வைக்கத் தொடங்கியதைப் பார்த்தும், அதைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிட்டார்.

வாசித்தார். ஆனால் உள்ளங்கையை விளிம்பில் அழுத்தி ஒவ்வொரு அடியின் ரீங்காரத்தையும் பிறக்கும்போதே கொன்றார். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் வந்தது. எடுத்துக்கொள்ளடா, நன்றாக எடுத்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மச்சினன் ஹெட்போனோடு அவரை ஒரு நொடி கூர்ந்து பார்த்தான். பிறகு, போதும் மச்சான், நன்றி என்றான். காது கூர்மையான பயல். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது அவரை இன்னும் உறுத்தியது. அன்று சாப்பிடும்போது உன் தம்பி என்னதான் பண்ணுகிறான் என்று மனைவியிடம் கேட்டார். அவனையே கேளுங்க என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டு விழா, பகல் நேரம். மேடையில் சத்தம் சரிபார்க்கும்போது மச்சினன் காலால் பெரிய டிரம்மை மிதித்தான். அந்த அதிர்வில் யாரும் தொடாத இடது ஓரத்துப் பேடு ஒன்றும் தானாகப் பேசிவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து வந்தது தபேலா. இவர் கொன்ற அந்த அடியேதான். மச்சினன் அவசரமாகப் பெட்டியில் ஒரு குமிழைத் திருகி அதன் வாயை அடைத்தான். இவர் பக்கம் திரும்பவே இல்லை.

சரி, இன்றைக்குத் தெரியட்டும் எது தோல், எது ரப்பர் என்று முதல் பாட்டிலிருந்தே வரிந்து கட்டிக்கொண்டு வாசித்தார். தேவையில்லாத இடத்திலெல்லாம் விரலை ஓடவிட்டார். முன்வரிசையில் ஒருவர் தலையாட்டியதைப் பார்த்து இன்னும் வேகம் கூட்டினார். பிறகு ஒரு மெதுவான பாட்டு வந்தது. பாடகியின் குரலுக்குத் துணையாகத் தபேலா மட்டும் போகிற இடம். அங்கே விரல் மடங்கி, மடங்கியபடியே நின்றுவிட்டது.

கையைத் தூக்கினார். தாளம் நிற்கவில்லை.

ஏற்கெனவே குமிழை ஏற்றி வைத்திருந்த மச்சினன் குச்சி நுனியால் இரண்டு பேடுகளையும் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தான். பார்வை எங்கோ கூட்டத்தின் மேல். தாளக் காலம் துளி பிசகவில்லை. சத்தம்தான் செத்துக் கிடந்தது. பாடகி முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தாள். இவர் மடங்கிய கையைத் தபேலாவின் மேல் சும்மா அசைத்தபடி, தான் வாசித்ததைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு அத்தனை நீளமானது என்று அதற்கு முன் அவருக்குத் தெரியாது.

திரைக்குப் பின்னால் மாஸ்டர் மச்சினனைப் பிடித்துக்கொண்டார். இவர் வாசிக்கிறபோது நீ எதற்கு நடுவில் மூக்கை நுழைத்தாய், அது என்ன கண்ணராவிச் சத்தம் என்று எல்லார் எதிரிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். செட்டிங் தப்பாகிவிட்டது, கை பட்டுவிட்டது என்று மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். தபேலாக்காரர் வாயைத் திறக்கப் போனார், திறக்கவில்லை. மாஸ்டர் போகிற போக்கில் நின்றார். கொஞ்சம் யோசித்தார்.

"ஆனா சத்தம் மட்டும் நல்லா இருந்திருந்தா பேடுன்னு யாருக்குமே தெரிஞ்சிருக்காது, இல்ல?" என்றார். குரலில் இப்போது கோபம் இல்லை.

சாமான்களை வேனில் ஏற்றும்போது இருவரும் தனியாக இருந்தார்கள். வாகன நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது.

"அக்கா சொன்னா. விரல் பிடிச்சுக்குதுன்னு," என்றான் மச்சினன், கயிற்றை இறுக்கியபடி.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துக்குவீங்களா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். மேடையில் விரல் நின்றால் மாஸ்டர் கண்ணில் படாமல் அந்தப் பாட்டை மட்டும் கடத்திவிடலாம் என்றுதான் பேடு மாட்டினானாம். அன்று அவர் வேண்டுமென்றே கெடுத்து வாசித்தது அப்போதே தெரிந்ததாம். சொன்னால் சண்டை வரும் என்று விட்டானாம். அவன் சொன்னதில் எதையும் நம்பாமலிருக்க முடியவில்லை. ஆனால் மாஸ்டர் யோசித்து நின்ற அந்த நிமிடமும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதை இவனும்தானே பார்த்தான்? பார்த்துவிட்டு என்ன நினைத்தான்?

"நாளைக்கு வாங்க மச்சான். ஒழுங்கா ஒருதரம் வாசிச்சுக் குடுத்திருங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்."

தபேலாக்காரர் வேனின் பின்படியில் உட்கார்ந்தார். கழற்றி வைத்திருந்த சின்னப் பேடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இதற்குமுன் அதைத் தொட்டதில்லை. வெயிலில் ரப்பர் சூடேறி, கைக்கு இதமாக இருந்தது. இப்போது இளகியிருந்த விரலால் அதன் நடுவில் ஒரு அடி வைத்தார். சுத்தமான, முழு அடி. ஒயர் இல்லாத பேடு தொப் என்று அடங்கியது. கதவைப் பிடித்தபடி நின்ற மச்சினன், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.