ஜார்ஜ் குருவிளாவின் வாட்ச்

சகாயராணியின் இடது மணிக்கட்டில் கிடந்த சுவிஸ் வாட்ச் அவளுடைய சொந்தக் காசில் வாங்கியது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். திராட்சை லோடு ஏற்றி, கேரளா வியாபாரிகளோடு மல்லுக்கட்டி, ஆறு வருடம் சேர்த்து, மதுரையில் பழைய வாட்ச் விற்கும் வினோத்ராஜிடம் வாங்கினாள். ஆனைமலையன்பட்டிக்கு அதற்கு முன் அப்படி ஒரு வாட்ச் வந்ததில்லை. "ஒரு ட்ராக்டரக் கையில கட்டிக்கிட்டுத் திரியுறா" என்று அவள் கணவர் மரியராஜ் ஊர் பூராவும் சொல்லிவைத்தார். சொல்லும்போது மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

ஒரே ஒரு உறுத்தல். வாட்சோடு வந்த உத்தரவாதக் கார்டில் "ஜார்ஜ் குருவிளா, கோட்டயம்" என்று அச்சடித்திருந்தது. முதலில் வாங்கியவர் அவர்தானாம். கிறிஸ்துமஸுக்கு வந்த நாத்தனார் செபஸ்தியம்மாள் அந்தக் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஜார்ஜ் குருவிளா யாரு ராணி? ஒங்க சித்தப்பாவா?" என்று கேட்டாள். வீடே கொல்லென்று சிரித்தது. சகாயராணியும் சிரித்தாள். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது.

ஏன் தைக்காது? தோட்டத்துப் பட்டா மரியராஜ் பேரில். லோடு வேன் மரியராஜ் பேரில். மோட்டார் ரூம் கரண்ட் இணைப்பு மரியராஜ் பேரில். அவள் விடியற்காலையில் நின்று அடுக்குகிற பழப்பெட்டி ஒவ்வொன்றிலும் "மரியராஜ் புரூட்ஸ்" என்று பச்சை எழுத்து. மரியராஜ் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு தடவையும் எழுதுகிறவர்கள் அவரைப் பார்த்துப் பேர் கேட்டார்கள், அவரும் சொன்னார், அவ்வளவுதான் நடந்தது. அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து சேர்ந்து, இருபத்துமூன்று வருட உழைப்பில் சகாயராணி பேர் போட்ட சாமான் என்று வீட்டில் ஒரு எவர்சில்வர் அண்டா மட்டும்தான் இருந்தது. அதுவும் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது.

"அதே கம்பெனியில நீல டயல் வச்சது ஒண்ணு இருக்கு. அதப் புதுசா, ஷோரூம்லயே வாங்கப்போறேன்" என்றாள் அன்று சாயங்காலம். "கார்டுல என் பேரு இருக்கணும்."

"வாங்கு தாயே. நான் என்ன மறிச்சா நிக்கேன்?" என்றார் மரியராஜ்.

அந்தக் கம்பெனி ஷோரூம் பக்கத்தில் என்றால் கொச்சியில்தான். வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போய்ப் பழக்கம் உண்டா நம் ஆட்களுக்கு? மாசி மாதம், பழம் நல்ல கறுப்பேறிய நேரம். பன்னீர்த் திராட்சை ரெண்டு பெட்டி, தானே பொறுக்கி அடுக்கி, காரில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்; வண்டி ஓட்டியது மரியராஜ். குமுளி மலையின் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பெட்டி அங்குமிங்கும் நகர்ந்தது. பன்னீர்ப் பழத்துக்குத் தோல் எவ்வளவு மெல்லிசு என்று அவளுக்குத் தெரியாததா? சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

மரியராஜைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஷோரூமுக்குள் நுழைந்ததும் குளிர் அடித்தது. தரை முழுக்கச் சந்தன நிறத்தில் கம்பளம். மானேஜர் ஷாஜன், நாற்பது வயதுக்காரர், கறுப்புக் கோட்டு, எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சகாயராணி பெருமையாகப் பெட்டிகளை மேசையோரம் இறக்கி வைத்தாள். நிமிர்வதற்குள் கீழ்ப்பெட்டி மூலையிலிருந்து கருஞ்சிவப்பாகச் சொட்டு, சொட்டு, சொட்டு. அய்யோ! வாசலில் நின்ற செக்யூரிட்டி ஓடிவந்தார். ஒரு பெண் கைநிறையக் காகிதத்தோடு ஓடிவந்து துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கறை அகலமாகிக்கொண்டே போனது.

"மேடம், கிஃப்ட் ஒண்ணும் வாங்கக் கூடாது. கம்பெனி ரூல்" என்றார் ஷாஜன். குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை. பெட்டியில் இருந்த பேரை வாசித்துவிட்டு, "மரியராஜ் யாரு?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர். தோட்டத்தப் பாக்குறது நானு."

அவர் கண் அவள் மணிக்கட்டுக்குப் போனது. "இது எங்கேந்து வாங்கினது?"

கிளம்பும்போதே மரியராஜ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: பழசு என்று சொல்லாதே, மாமா வெளிநாட்டிலிருந்து கொடுத்தது என்று சொல், இல்லாவிட்டால் மதிக்கமாட்டார்கள். அந்தப் பொய் சகாயராணியின் நாக்கு நுனிவரை வந்தது. கறை வேறு கண்ணெதிரே கிடக்கிறது, இதில் பொய்யும் சேரவா என்று தோன்றியது.

"பழசுதான் சார். மதுரையில வாங்குனது. மொதல்ல வாங்குனவரு கோட்டயத்துக்காரரு."

ஷாஜன் தலையாட்டினார். நீல டயல் வாட்ச் வருடத்துக்கு நாலோ ஐந்தோதான் வரும், கேட்டு எழுதிவைத்தவர்கள் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று சொல்லி, அவள் பேரையும் அடியில் எழுதிக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சிலர் எங்ககிட்ட வாங்கி, வெளியே போய்க் கூடுதல் விலைக்கு வித்துடுறாங்க. அதனால நாங்க ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறது" என்றார். பழைய வாட்ச் சந்தையிலிருந்து வந்தவள், அதிலும் வியாபாரி. அவர் சொல்லாமல் விட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒழுகுகிற பெட்டிகளை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சேலை முழுக்கச் சாறு. காரில் ஏறியதும் நடந்ததை மரியராஜிடம் கொட்டினாள். அவமானத்தில் காது மடல் கொதித்தது. நாம் என்ன திருடவா போனோம்?

ஆனால் குமுளியில் டீ குடிக்க இறங்கியபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க, புதுசா ஒரு வியாபாரி நம்ம தோட்டத்துக்கு வந்தா நான் என்ன செய்வேன்?"

"மொத நாளு கடைசி வரிசையத்தான் காட்டுவ" என்றார் மரியராஜ்.

அதுதான் அவள் வழக்கம். நல்ல பந்தலைக் காட்டமாட்டாள். சுமாரான வரிசையை வெட்டச் சொல்லிவிட்டுத் தூரத்தில் நிற்பாள். நல்ல கொத்தாகப் பார்த்து அறுத்துக்கொண்டு நோஞ்சானைத் தொங்கவிடுகிறானா, கொடியைப் பிய்க்கிறானா, பேசிய விலையில் நிற்கிறானா என்று பார்ப்பாள். ரெண்டு மூன்று வெட்டு தேறினால்தான் நல்ல பந்தலுக்குக் கூட்டிப்போவாள். கூட விலை கொடுக்கிறேன் என்று முதல் நாளே நோட்டை ஆட்டியவன் ஒருவனைக்கூட அவள் இரண்டாம் தடவை தோட்டத்துக்குள் விட்டதில்லை.

"அந்த மனுசன் எனக்குக் கடைசி வரிசையக் காட்டியிருக்காரு. அவ்வளவுதான்" என்றாள்.

அதன்பிறகு எர்ணாகுளம் பழச்சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஷோரூமுக்கு ஒரு எட்டுப் போய்வந்தாள். பழம் கொண்டுபோகவில்லை. ஒரு தடவை ஜார்ஜ் குருவிளா வாட்சை சர்வீசுக்குக் கொடுத்தாள். கம்பெனியில் பிரித்துப் பார்த்து, எல்லாம் அசல்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. இன்னொரு தடவை தோல் பட்டை வாங்கினாள். மற்ற நேரம் காபி குடித்துவிட்டு, புதிதாக வந்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். நீல டயலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேட்டால் வராதது கேட்காமல் எப்படி வரும் என்று மரியராஜ் நச்சரித்தார். "என் வியாபாரம் எனக்குத் தெரியும், சும்மா இரிங்க" என்று அடக்கினாள். ஒன்றரை வருடத்தில் ஷாஜனுக்கு அவள் "மேடம்" என்பதிலிருந்து "சேச்சி" என்று அக்காவே ஆகியிருந்தாள். கம்பளத்தையும் மாற்றியிருந்தார்கள். பட்டியலில் அவள் பேர் மட்டும் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தோட்டத்து வாசலில் கேரளா பதிவெண் கார் ஒன்று வந்து நின்றது. ஷாஜன்! தேக்கடிக்குச் சுற்றுலா வந்தவர், மனைவியோடு அப்படியே மலையிறங்கி வந்திருந்தார். கோட்டு இல்லாமல், பூப்போட்ட சட்டையில் அவரை அடையாளம் காணவே ஒரு நிமிடம் ஆனது.

"சேச்சி, மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, முதல்முதலா நற்கருணை வாங்குறா. விருந்துக்கு உங்க திராட்சை ரெண்டு பெட்டி வேணும்" என்றார்.

சகாயராணி தோட்டத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். தோட்டம் அப்போதுதான் கவாத்து முடிந்து மொட்டையாக நின்றது. காய் என்று இருந்தது மேற்கோரத்துப் பந்தல் ஒன்றில் மட்டும்தான். அதுவோ கோயில் வரிசை. அவள் மாமனார் காலத்திலிருந்து அந்த வரிசைப் பழத்துக்கு விலை போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வாசலில் வைத்து எல்லோருக்கும் கொடுப்பதற்கென்றே விட்டது. பங்குச் சாமியாரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்த வரிசையைப் பார்த்துத்தான் ஷாஜன் கை நீட்டினார்.

"அங்கே நல்லாப் பழுத்து நிக்குதே சேச்சி. என்ன விலைன்னாலும் பரவாயில்லை."

"அது விக்கிறதுக்கில்ல சார்."

"விலை நீங்க சொல்லுங்க."

"வெலயே கெடையாது சார் அதுக்கு. கோயிலுக்குன்னு விட்டது."

ஷாஜன் முகம் சுருங்கிவிட்டது. அவர் மனைவி காரைப் பார்த்தாள். மரியராஜ் சகாயராணியின் முழங்கையைப் பிடித்து மோட்டார் ரூம் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏய், ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வந்திருக்குறது யாரு? ரெண்டு பெட்டியத் தூக்கிக் குடுத்தா அடுத்த மாசம் வாட்சு ஒங் கையில. சாமியார்ட்ட நான் சொல்லிக்கிறேன். கடவுளு ரெண்டு பெட்டிக்குக் கோவிச்சுக்கிறப் போறாரா?"

சகாயராணி முழங்கையை விடுவித்துக்கொண்டாள். ஆசை இல்லாமலா? ரெண்டு வருடமாகத் தூக்கத்தில்கூட அந்தக் கார்டும் அதில் தன் பேரும் வந்துபோகிறது. இன்றைக்கு முறைத்துக்கொண்டு போனால் அந்த மனிதர் திரும்ப அவளைச் சீந்தவே மாட்டார். ஆனாலும் இன்றைக்கு அந்த வரிசையை விற்றால், நாளைக்கு அதில் நின்று ஒரு வியாபாரியிடம் "இது விற்பனைக்கு இல்லை" என்று எந்த வாயால் சொல்வது?

"முடியாதுங்க. வாட்சப் பத்தியும் நீங்க மூச்சு விடக் கூடாது. வீடு தேடி வந்த ஆளுகிட்டக் காரியம் கேக்குற பொழப்பு நமக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கோயில் வரிசையில் புகுந்து, நல்ல கொத்தாக ஐந்தாறு மட்டும் அறுத்தாள். திராட்சை இலை விரித்து ஒரு தட்டில் அடுக்கி, ஷாஜனின் மனைவி கையில் கொடுத்தாள்.

"புதுநன்மையும் கோயில் காரியந்தான். இது பிள்ளைக்கு. விருந்துக்குக் கம்பத்துல நல்ல பழமா வாங்கிக்கிருங்க, கடை நான் சொல்றேன். மடியில வச்சுக்கிட்டுப் போங்கம்மா, வளைவுல நசுங்கிரும்."

ஷாஜன் பர்ஸை எடுத்தார். அவள் பார்த்த பார்வையில் அதை உள்ளே வைத்துக்கொண்டார். காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

"போச்சு" என்றார் மரியராஜ், புழுதியைப் பார்த்துக்கொண்டு.

"போனாப் போகுது" என்றாள். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அதுதான் உண்மை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஷோரூம் பக்கம் போகக் கூச்சமாக இருந்தது. ரெண்டு தடவை எர்ணாகுளம் போயும் அந்தத் தெருவுக்குள் நுழையாமல் திரும்பினாள். மார்கழியில், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சேச்சி, நீல டயல் வந்திருக்கு. எப்ப வர்றீங்க?"

அவள் கையிலிருந்த கொத்தைப் பெட்டியில் வைத்தாள். "சார், அறுபது பேருக்கு மேல இருக்காகன்னு சொன்னீகளே?"

"இருக்காங்க. அவங்கள்ல வாங்கினா யார் வச்சிருப்பாங்க, யார் விப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும். அன்னைக்கு நான் என்ன விலை வேணாச் சொல்லுங்கன்னேன், நீங்க தரலையே!" என்று சிரித்தார். "அப்புறம், மகள் அந்தப் பழத்தை யாருக்கும் கொடுக்காம அவளே தின்னுட்டா."

மறுநாளே கொச்சி. புதுக் கம்பளத்தின்மேல் சகாயராணி நிமிர்ந்து நடந்தாள். வெல்வெட் தட்டில் வாட்ச் வந்தது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். ஆனால் அவள் கண் கார்டில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், பழக்கதோஷத்தில் மரியராஜைப் பார்த்து, "சார், பேர் சொல்லுங்க" என்றாள்.

மரியராஜ் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "நான் டிரைவரும்மா. வாங்குறவுக அவுக. அவுகளக் கேளு" என்று கை காட்டினார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகச் சொன்னாள்: சகாயராணி. ஆனைமலையன்பட்டி. கணவர் பேர், தகப்பனார் பேர் எதுவும் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. கார்டைக் கையில் வாங்கி மூன்று தடவை வாசித்தாள்.

ஷாஜன் அவள் பழைய வாட்சைக் காட்டி, "இதை நாங்களே எடுத்துக்கலாம் சேச்சி, நல்ல விலை போட்டு" என்றார்.

"இல்ல சார். இங்கன என்னயக் கூட்டிக்கிட்டு வந்ததே அதுதான்" என்றவள், அதைக் கழற்றி மரியராஜின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டாள். அதன் கார்டையும் அவர் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

மரியராஜ் கார்டை வெளியே எடுத்துப் பார்த்தார். "ஏய், இதுல ஜார்ஜ் குருவிளான்னுல்ல போட்டிருக்கு?"

"இருக்கட்டுங்க. பட்டா, வேனு, கரண்டு, பழப்பெட்டி, எல்லாத்துலயும் ஒங்க பேருதான இருக்கு? இது ஒண்ணுல வேற யாரு பேரோ இருந்துட்டுப் போகட்டும். எப்படி இருக்குன்னு நீங்களும் கொஞ்ச நாளு கட்டிப் பாருங்க."

மரியராஜ் வாட்சைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கார் குமுளி மலையில் இறங்கும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

"பெட்டி அட்டை தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே ராணி. புதுசா அச்சடிக்கும்போது என்ன பேரு போடச் சொல்லட்டும்?"