புதினா மிட்டாய் ஜாடி

அன்று ஒலிப்பதிவு அறையில் இருந்தவர்கள்: ஒலிப்புத்தகம் வாசிப்பவள், ஸ்டூடியோவின் முதலாளியான அவளுடைய நாத்தனார், ஒலிப்பதிவுக்காரர். போதாததற்கு மேஜைமேல் ஒரு ஜாடி நிறையப் புதினா மிட்டாய். இருப்பது ஒரே அறை. மைக் ஓடும்போது மூவரும் மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும்.

நான்கு மாதமாக வாசிப்பவளின் குரல் கரகரத்தது. பத்திக்கு இரண்டு முறை இருமினாள். இன்றும் அத்தியாயம் சுத்தமாக வராவிட்டால் புத்தகம் வேறு குரலுக்குப் போய்விடும் என்று நாத்தனார் கறாராகச் சொல்லியிருந்தாள். எட்டு வருட வேலை. வேறு வேலை வாசிப்பவளுக்குத் தெரியாது.

காரணத்தைத் தொண்டை டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறுகிறது. நெஞ்சு எரிந்ததே இல்லையே என்று இவள் வாதாடினாள். பலருக்கு எரியாது என்றார் அவர். வறட்டு இருமல், கரகரப்பு, பல் தேய்வு, மாரடைப்போ என்று பயமுறுத்தும் நெஞ்சுவலி என்று எந்த வேஷத்திலும் வரும். தெருவில் பத்துப் பேரை நிறுத்தினால் ஒருவருக்காவது இருக்கும். மாத்திரை எழுதினார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள், கணவன் விடிய விடியக் கால்மாட்டுக்குச் சறுக்கினான். வீட்டில் குரல் தெளிந்தது. ஸ்டூடியோவுக்கு வந்தால் பழைய குருடி கதைதான்.

"அண்ணி, எங்க மூஞ்சியப் பாத்தாத்தான் உங்களுக்கு இருமல் வருதா?" என்றாள் நாத்தனார்.

ஒலிப்பதிவுக்காரர் பேச்சில் கஞ்சர். வெட்டி எறிந்த இருமல்களையெல்லாம் தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தார். கணினியைத் திருப்பிக் காட்டினார். நாளுக்கு நாற்பது, ஐம்பது. ஒரே ஒரு வாரம் மட்டும் நாலு, மூணு.

"அந்த வாரம் ஜாடி காலிம்மா," என்றார்.

வாசிப்பவள் டாக்டருக்குப் போன் போட்டாள். புதினா சிலருக்கு இரைப்பையின் வாயைத் தளர்த்திவிடும், அமிலம் ஏற வசதியாகிவிடும் என்றார் அவர். தொண்டைக்கு இதம் என்று, அந்த ஒரு வாரம் தவிர, வாராவாரம் ஜாடியை நிரப்பியது நாத்தனார்; இருமும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டது இவள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து வாசிப்பவள் வாய்விட்டுச் சிரித்தாள். இருமல் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. பத்து நாள் அவகாசம் கிடைத்தது.

பதினோராம் நாள் காலையில் ஜாடியில் பேனாக்கள் நின்றன. அதே அத்தியாயம். இருபது பக்கம் தங்கு தடையில்லாமல் ஓடியது. இருபத்தோராம் பக்கத்தில் ஒரு இருமல்.

அவளுடையது இல்லை. திரும்பிப் பார்த்தாள். நாத்தனாரின் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"போன வருஷம் ஹார்ட் அட்டாக்குன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினியே, என்ன சொன்னாங்க?"

"ஹார்ட்டு கல்லு மாதிரி இருக்குன்னு அனுப்பிட்டாங்க அண்ணி."

"என் டாக்டர் நம்பர் தரேன். மொதல்ல வாயில இருக்கற புதினா மிட்டாயத் துப்பு. புத்தகம் எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான், உங்களுக்குத்தான்," என்று சொல்லி முடிப்பதற்குள் நாத்தனாருக்கு மறுபடி இருமல்.

ஒலிப்பதிவுக்காரர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். முதலாளி தன் ஸ்டூடியோவிலிருந்தே சிரித்தபடி வெளியேறினாள். அவர் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.