பெலிசா கூப்பிட்ட கட்டடங்கள்

“அந்த ரொட்டிக்கடையை இப்பவே திருப்பி அனுப்புடி!” என்று நெனித்தா தெருவே கேட்கக் கத்தினாள்.

“எப்படி அண்ணி அனுப்புறது? எனக்குக் கூப்பிடத்தானே வருது,” என்றாள் நாத்தனார் பெலிசா, சக்கர நாற்காலியில் இருந்தபடி.

தேவாலய முனையில் முப்பது வருடம் நின்ற ரொட்டிக்கடை அன்று காலை ஆறரைக்கு அவர்கள் வாசலுக்கு வந்திருந்தது. அடுப்பு அணையவில்லை. வரிசையில் நின்றவர்கள் வரிசையும் கலையவில்லை.

பெலிசாவுக்கு நாற்பத்தொரு வயது. பேருந்து கவிழ்ந்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே வலது கை மட்டும்தான் அவள் சொல் கேட்கும். இலோய்லோ நகரத்துப் பொறியியல் மாணவர்கள் கடைசி வருடத் தேர்வுக்காகக் கையசைவுக்கு ஓடும் நாற்காலி ஒன்றைச் செய்து, கையுறையோடு அவளுக்குக் கொடுத்தார்கள். முன்னே போக, உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை இரண்டு முறை மடக்க வேண்டும். பிள்ளையையும் நாயையும் ஜீப்னி வண்டியையும் நாங்கள் கூப்பிடுவது அப்படித்தான். மறக்காது என்று தேர்ந்தெடுத்தார்களாம். நாற்காலியும் எங்கள் பக்கத்துப் பிறவிதானே, அதுவும் அப்படித்தான் புரிந்துகொண்டது. அது நின்ற இடத்தில் நின்றது. போக நினைத்த இடம் வந்தது. மாணவர்கள் பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டு, ‘சிறு குறை’ என்று எழுதித் தேர்ச்சி பெற்றார்கள்.

நெனித்தாவின் கோபம் ரொட்டிக்கடை மேல் இல்லை. முடங்கிய நாத்தனாரைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்ளும் புண்ணியவதி என்று ஞாயிறு பூசையில் அவளுக்கு முன்வரிசை. இப்போது டிரைசைக்கிள் ஓட்டும் அம்புரோசியோ பெலிசாவைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். அவள் போய்விட்டால் எதைக் காட்டி முன்வரிசையில் உட்கார்வது?

“கல்யாண உரிமத்துக்கு ரெண்டு பேரும் நேர்ல கையெழுத்துப் போடணும்டி. நகராட்சி மாடிக்கு இருபத்திரண்டு படி. ஏறிடுவியா?”

மாற்றுத்திறனாளிகள் பிரிவும் அதே மாடியில்தான். சாய்தளம் வேண்டும் என்று மனுக் கொடுக்கவும் படியேறித்தான் போக வேண்டும்.

“நான் தூக்கிட்டுப் போறேன்,” என்றான் பக்கத்தில் நின்ற அம்புரோசியோ.

“மணப்பொண்ணாத்தான் போவேன். அரிசி மூட்டையாப் போக மாட்டேன். கையுறையை மாட்டிவிடு.”

விரல்கள் இரண்டு முறை மடங்கின. நகராட்சி மாடி படிகளை விட்டுவிட்டுக் கிளம்பி, மின்கம்பிகளுக்குக் குனிந்து கொடுத்து, நெனித்தாவின் வாழையை உரசாமல் வாசலில் வந்து உட்கார்ந்தது. எழுத்தர் தலை நிமிராமலே, “ரெண்டு நகல் வேணும்,” என்றார். பெலிசாவும் அம்புரோசியோவும் கையெழுத்துப் போட்டார்கள்.

“இது செல்லாது!” என்றாள் நெனித்தா.

“நேர்ல பார்த்துப் போடணும்னுதான் சட்டம், அம்மா. யாரு யார்கிட்ட வரணும்னு எழுதலையே.”

மழைக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் சிரமமும் இல்லை; துறைமுகத் தெருவிலிருந்து அவன் வீடே வந்து ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில் நின்றது. பகோலோடில் கணவனின் சித்தி ஒருத்திக்குக் கால்கள் விளங்காமல் போனதைக் கேள்விப்பட்ட நெனித்தா, கிடைத்த முதல் படகில் குடிபெயர்ந்தாள். அங்கேயும் முன்வரிசைதானாம்.

நகராட்சி மாடி இன்னும் பெலிசாவின் வாசலில்தான் இருக்கிறது. பன்னிரண்டானால் சாப்பாட்டுக்கு மூடிவிடுகிறார்கள். பழைய இடத்தில் இருபத்திரண்டு படிகள் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. போன மாதம் அவற்றின் பக்கத்தில் சாய்தளம் கட்டி, மேயர் ரிப்பன் வெட்டினார்.