பேர் வெட்டு

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் பூரணி. தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் கங்காணி சோலைமலையின் சத்தம் கேட்டது.

"பேரு உள்ளவன் செத்தாத்தான் தோட்டத்துக்கு அரைநாள் லீவு. ஆண்டியப்பனுக்கு ஏது பேரு? எல்லாரும் மலைக்குப் போங்க!"

பாவி மனுசன், பிணத்துக்கே கேட்கிற மாதிரிதான் கத்திவிட்டுப் போனார்.

எல்லாம் அந்த நாடகத்தால் வந்த வினை. போன மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டியப்பன் தானே எழுதித் தானே புலவனாக ஆடியது. ஊரே கொண்டாடிய புலவனை ராசா சபையில் நிறுத்தி விசாரிக்கிறார். அரண்மனைத் தராசு பொய் சொல்கிறது என்று பாடிவிட்டானாம், அதுதான் குற்றம். கடைசியில் ராசா எழுந்து, "இன்றோடு இவன் பேரை வெட்டுங்கள்!" என்று கர்ஜிப்பார். மற்ற ஊர் ராசாக்கள் தலையை வெட்டுவார்கள். ஆண்டியப்பனுக்குத் தெரிந்த பெரிய தண்டனை, தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்துவதுதான். கூட்டம் "ஐயய்யோ!" என்று அலறியது. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளைக்கு மட்டும் முகம் கறுத்துப்போனது. கொழுந்து நிறுக்கிற தராசு அவர் கையில்தானே இருக்கிறது! மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டிலேயே ஆண்டியப்பன் பேரை நிசமாகவே வெட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஆண்டியப்பன் குடியிருந்த லயத்துக் காம்பராவை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. அவரவர் பேர் அவரவருக்குப் பெரிசு. ராசா வேசம் கட்டிய மூக்கன்கூட எதிரே வந்தால் தண்ணீர்ப் பீலிப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

"புலவராம் புலவர்!" அம்மா வீரம்மா, புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். "இப்பத் தூக்குறதுக்கு நாலு பேரு இருக்காடி? நீயும் நானுமா சொமக்கப் போறோம்?"

"சொமப்போம்மா."

சொல்லிவிட்டாள். ஆனால் அப்பா போன துக்கத்தைவிட அந்த நாலு பேர் கவலைதான் பூரணியைப் போட்டு அரித்தது.

பகல் கொழுந்து நிறுத்து முடித்த நேரம், கீழ்ப் பாதையில் ஒரே கூச்சல்.

"இப்பப் போனா அரைப்பேருதான்! பாதிக் கூலிதான்!" இது கங்காணி.

"போட்டுக்கிடுங்கய்யா அரைப்பேரு! எங்க புலவர நாங்க தூக்கணும்!"

சபையையே நடுங்க வைத்த அதே ராசா தொண்டை. பூரணி வாசலுக்கு ஓடினாள். இடுப்பில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மூக்கன் வந்தான். அவன் பின்னால் ஆண்கள், கூடையைக்கூட இறக்காத பெண்கள்.

"மதினி," என்றான் மூக்கன், வாசற்படியில் நின்றபடி. "மேடையில நான் சொன்னது அண்ணன் எழுதின வசனம். அதுக்கப்புறம் வராம இருந்தது நானாச் செஞ்சது."

வீரம்மா தலைமாட்டிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். கங்காணியின் சத்தம் ஓய்ந்துவிட்டிருந்தது.

"உள்ள வாங்க தம்பி," என்றாள்.

பாடை கட்டி முடித்தார்கள். அப்புறம்தான் வம்பே. இவன் தோளை அவன் தள்ள, "நான்தான் முன்னால", "நீ தள்ளுடா" என்று வாசலில் ஒரே நெருக்கடி.

"இந்த மூங்கி கட்டையா இருக்கு மதினி. இத்தன பேருக்குக் காணாது," என்றான் மூக்கன்.

வீரம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"நல்லா நீளமாவே வெட்டிட்டு வாங்க."

மூக்கன் கத்தியை உருவிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினான்.